பாலுக்குப் பரிசோதனை இல்லை

எனக்கு யார் மேலும் சுலபத்தில் நம்பிக்கை வராது. அது பிறவிக் குணமா, தொழில் தந்ததா என்று தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக ஹைல் ஸித்ர் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன், ஒரு பேப்பருக்காக வந்தேன்' என்று சிரித்துக்கொண்டு கையை நீட்டுகிறவரின் குழாயில்தான் எல்லாக் கோளாறும் இருக்கும். அதனால் ஸுவைனா மேல் சந்தேகம் வந்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. இத்தனை நாள் எப்படி விட்டுவைத்தேன் என்றுதான் தோன்றியது.

ஸுவைனா எங்கள் ஆஸ்பத்திரியின் ஊழியப் பெண். படுக்கை விரிப்பாள், நோயாளியைத் தள்ளுவண்டியில் தள்ளுவாள், காத்திருப்பவர்களுக்குக் கஹ்வாக் காப்பி ஊற்றுவாள். பள்ளிக்கூடம் போனதில்லை. பதினேழு வயதில், எங்கள் வழக்கப்படி, பெரியப்பா மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பையன் ஹம்தான். அடுத்து ஸம்ஸம் என்று ஒரு பெண். இரண்டு பேருக்கும் அரிவாள் செல் நோய். ரத்த அணு உருண்டையாக இல்லாமல் கதிர் அரிவாள் மாதிரி வளைந்து, ரத்தக் குழாய்களில் சிக்கி, எலும்புக்குள் வலி எடுக்கும். எங்கள் மலையடி ஊர்களில் அந்த வலியைப் பார்க்காத வீடு குறைவு. ஹம்தான் ஆறு வயதில் போனான். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அது, அவனுக்குக் கடைசியாக ஊசி குத்தியவள் நான்தான். மறுவருடம் பிறந்த பையனுக்கும் அவள் ஹம்தான் என்றே பெயர் வைத்தாள். அவன் தப்பித்துவிட்டான், இன்று சிற்றுந்து ஓட்டுகிறான். ஸம்ஸம் பதினோரு வயது வரை இருந்தாள். அவள் அடக்கம் முடிந்த நாற்பதாம் நாள் ஸுவைனா வந்து, மகள் படுத்திருந்த அதே ரத்தம் ஏற்றும் அறையில் வேலை கேட்டாள். இவளுக்குப் பைத்தியம் என்று நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் மஸ்கட்டிலிருந்து டாக்டர் லுப்னா வருவார். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடிகள் ரத்தம் கொடுப்பார்கள். இருவரில் ஒருவராவது சுத்தம் என்றால், எந்த நாளும் ஜன்னலில் வந்து சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம். இருவரிடமும் அந்தக் கோளாறு ஒளிந்திருந்தால், 'செவ்வாய்க்கிழமை வாங்க, டாக்டர் பேசணுமாம்' என்று சொல்லி அனுப்புவோம். இருவரும் ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

ஸுவைனாவுக்கு இதையெல்லாம் விளக்கியவர் டாக்டர்தான். ஒருநாள் மருந்து ஏற்றும் குழாய்கள் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று முறுக்கிக் காட்டினார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனிதனுடைய ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இப்படி முறுக்கிய ஏணி ஒன்று இருக்கிறது, அதன் பெயர் டிஎன்ஏ, படிகளில் நாலே எழுத்துகள்தான், இந்த எழுத்துக்கு எதிரே இன்ன எழுத்துதான் வரும் என்று கணக்கு இருக்கிறது, அணு இரண்டாகும்போது ஏணி நடுவில் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தனக்கு எதிர்ப்பாதியைத் தானே கட்டிக்கொள்ளும் என்றார். முன்னூறு கோடி எழுத்து. அதில் ஓர் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால், அரிவாள்.

ஸுவைனா அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு எழுத்தா டாக்டர்? ஒரே ஒரு எழுத்தா என் ரெண்டு புள்ளைய தின்னுச்சு?"

"ஆமா ஸுவைனா."

"பிரியும்போது அந்தத் தப்பையும் சேர்த்தா எழுதிக்கும்?"

"அப்படியே எழுதிக்கும்."

"என்ன எழுத்தர் இவன்! படிச்சுப் பார்க்காமயே எழுதுறவன் போல."

டாக்டர் சிரித்துவிட்டார். எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டதால்தான் இப்போது வழியும் பிறக்கிறது என்றார். வெளிநாட்டில் நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து அணுக்களை எடுத்து, அந்த ஏணியில் வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தி, மறுபடி உடம்பில் ஏற்றுகிறார்களாம். சிலருக்கு வலி நின்றேபோயிருக்கிறதாம். ஸுவைனா முறுக்கிய குழாய்களை மெல்லப் பிரித்து வைத்தாள். பிறகு, "அது இங்க வர்ற வரைக்கும்?" என்று கேட்டாள். "அது வர்ற வரைக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கிறதுதான்" என்றார் டாக்டர்.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் பால் உறவு என்பது ரத்த உறவுக்குச் சமம். ஒரு பெண்ணிடம் பால் குடித்த இரண்டு குழந்தைகள் அண்ணன் தங்கை; அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது, பேச்சுக்கே இடமில்லை. எங்கள் காஜியைக் கேட்டால் தொண்டைக்குள் ஒரு மிடறு இறங்கியிருந்தாலே போதும் என்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரில் வரிசையாக நிச்சயங்கள் முறிந்தன. காரணம் கேட்டால் ஒரே பதில்: 'ரெண்டு பேருமே ஸுவைனாகிட்ட பால் குடிச்சவங்களாம், இப்பத்தான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சாம்.' யாருக்கும் அவமானம் இல்லை. இரு வீட்டாரும் அல்லாஹ் காப்பாற்றினான் என்று கட்டித் தழுவிப் பிரிந்தார்கள்.

முறிந்தவை பதினொன்று. பதினொன்றும் என் கூடத்தில் செவ்வாய்க்கிழமைக்கு அனுப்பப்பட்ட ஜோடிகள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கூடத்து முடிவு வெளியே போகிறது என்றால் பழி யார் தலையில் விழும்? என் தலையில். நான் ஒரு காகிதத்தை எடுத்தேன். அந்த இருபத்திரண்டு பேரின் பிறந்த தேதிகளையும், ஸுவைனாவின் மூன்று பிள்ளைகளின் தேதிகளையும் எழுதினேன். பதினொன்றில் ஏழு நடக்கவே முடியாதவை. கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்து வருடங்கள் கழித்துப் பிறந்தவர்களுக்கு இவள் எங்கிருந்து பால் கொடுத்தாள்?

ரத்த முடிவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்த அளவுக்குத் தொழில் தெரியும். ஆனால் தேதிகளை ஒரு கல்யாண வீட்டில், அல்வாத் தட்டு சுற்றி வரும்போது, எல்லாப் பெண்களும் கேட்கும்படி எடுத்துவிட்டேன். சிரிப்பு ஓய வெகுநேரம் ஆனது. ஒரு வாரத்தில் ஸுவைனாவுக்குப் 'பால் பண்ணை' என்று பெயர் வந்துவிட்டது. நிர்வாகம் அவளைச் செவ்வாய்க்கிழமை வராந்தாவிலிருந்து எடுத்துச் சலவை அறையில் போட்டது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றம் செய்தவள், வாயடைத்துப்போனாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு ஜோடிகளில் ஒரு ஜோடியின் நிச்சயம் மறுபடி உயிர்பெற்றது. பால் கதை பொய் என்று தெரிந்ததும் பையனின் சிற்றப்பா விடவில்லை, குளிர்காலத்தில் கல்யாணம். மறுவருடம் குழந்தை. பத்தாம் மாதம் அந்தக் குழந்தையை என் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டு கையும் ரொட்டி மாவு மாதிரி உப்பியிருந்தன. குழாயைப் பார்க்கும் முன்பே அரிவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சலவை அறைக்குப் போனேன். ஸுவைனா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு உனக்கு ரிசல்ட்டை சொன்னது?" என்றேன். அந்த நிலையிலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"யாரும் சொல்லல ரய்யா. டாக்டர் ரூம்லேர்ந்து வெளிய வந்து அந்தப் பொண்ணுங்க என் தோள்லதான் அழுவும். 'இதை வீட்ல சொன்னா என் தங்கச்சிங்கள யாரும் கட்ட மாட்டாங்க, சொல்லலைன்னா கட்டி வச்சிருவாங்க, என்ன பண்ண'ன்னு கேக்கும். நான் என்ன பண்ணட்டும்? என்கிட்ட இருந்தது அந்தப் பால் ஒண்ணுதான்."

"பொய்யி."

"ஆமா, பொய்யிதான்." ஒரு விரிப்பை உதறி மடித்தாள். "அந்தக் குழந்தைக்கு வலி வந்தா வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லு. குளிர்ல விடக் கூடாதுன்னு சொல்லு."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

இந்த வருடம் என் மகள் நஸ்ராவுக்கு நிச்சயமானது. அவளுடைய வாப்பா இறந்து ஆறு வருடம். எனக்கு அவள் ஒருத்திதான். பையன் முஹன்னா, கல்லூரியில் கூடப் படித்தவன். நான் விசாரித்துப் பார்த்ததில் ஒரு குறையும் அகப்படவில்லை, அதுவே எனக்கு உறுத்தியது. இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. சாதாரணச் சோதனை, டிஎன்ஏ சோதனை இரண்டிலும் இரண்டு பேருமே சுத்தம். அந்த ஓர் எழுத்து இருவருக்கும் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் சரியாக இருந்தது. கூடத்தின் நடுவில் நின்று குலவையிட்டேன். கூட வேலை செய்பவர்கள் பயந்துபோனார்கள்.

வியாழக்கிழமை ஸுவைனா என் வீட்டுக்கு வந்தாள். முகம் வற்றியிருந்தது.

"ரய்யா, இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. நஸ்ரா என் பால் குடிச்சவ. முஹன்னாவும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கஹ்வாக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன். "வாடி வா! பன்னெண்டாவதா? என் வீட்டுக்கே வந்துட்டியா?"

"முஹன்னா குடிச்சது ஊருக்கே தெரியும். அவன் உம்மாவுக்கு மார்ல கட்டி வந்தப்போ நான்தான் குடுத்தேன்."

"அவன் குடிச்சான், சரி. என் புள்ளைக்கு டப்பாப் பாலு. என் மாமி சாகுற வரைக்கும் அதத்தான் சொன்னாங்க."

"நீ பெத்த அன்னிக்கே ரத்தம் கொட்டி உன்ன மஸ்கட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஒம்பது நாள். புள்ள டப்பாப் பால எடுக்கல, கக்கிக்கிட்டே இருந்துச்சு. உன் மாமி பின்வாசல் வழியா என்னக் கூப்பிட்டாங்க. என் ஹம்தானுக்கு அப்ப ஒரு வயசு. எங்க பாட்டன் அடிமையா வந்தவராம், பெரிய வீட்டுப் புள்ள எங்க பால் குடிச்சதுன்னு வெளிய தெரியக் கூடாதாம். குர்ஆன்ல கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கிக்கிட்டாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "இவங்க நிச்சயம் ஆனதுலேர்ந்து, உங்க பரிசோதனையே நிறுத்திரும், நான் பேச வேண்டியிருக்காதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை நீ குலவை போட்டது சலவை ரூம் வரைக்கும் கேட்டுச்சு. சத்தியத்தை உடைக்கிறதுக்காக மூணு நாள் நோன்பு வச்சுட்டு வந்திருக்கேன்."

நான் அவளை உற்றுப் பார்த்தேன். பொய்யைத் தேடினேன். அவள் தயங்கிவிட்டு மெல்லச் சொன்னாள்: "இடது பக்கம் வச்சா குடிக்கவே மாட்டா. வலது பக்கம்தான். அப்பவே பிடிவாதம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது குழந்தை கொழுகொழுவென்று இருந்தாள். எவனோ செய்த டப்பாப் பாலுக்கு நன்றி சொன்னேன். ஆனால் என்னிடமும் அவள் இடது பக்கம் குடித்ததே இல்லை. அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உறைத்தது. ஸுவைனா பொய் சொன்னதெல்லாம் ரத்தம் கெட்டிருந்த இடத்தில். இங்கே ரத்தம் சுத்தம். பொய் சொல்ல அவளுக்குக் காரணமே இல்லை.

விஷயம் வெள்ளிக்கிழமையே பரவிவிட்டது. முஹன்னாவின் உம்மா ஸயானா, பேச்சில் கத்தி போன்றவள், எல்லோரையும் காஜியிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்தச் சின்ன அறையில் காஜி, ஸயானா, முஹன்னா, ஸுவைனா, நான், என் பக்கத்தில் நஸ்ரா. நஸ்ரா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பயமே இல்லை. இந்தக் கதையை உடைக்க உம்மா போதும் என்ற தைரியம்.

"சத்தியம் பண்ணத் தயார்" என்றாள் ஸுவைனா.

"இவ சத்தியத்துக்கு என்ன மதிப்பு, ஷேக்?" என்று ஸயானா எழுந்தாள். "ஊரே சிரிச்ச கதை. என் மகன் குடிச்சான், அதை நான் மறைக்கல. ஆனா பார்க்குற புள்ளைங்களுக்கெல்லாம் பால் குடுத்தேன்னு சொல்றவ இவ. ஏழு பேருக்குக் குடுத்திருக்கவே முடியாதுன்னு தேதி போட்டுக் காட்டுனது யாரு? இதோ உக்காந்திருக்காங்களே, பொண்ணோட உம்மா! அவங்களையே கேளுங்க."

காஜி என் பக்கம் திரும்பினார். "ரய்யா, நீ சொன்ன தேதிகள் உண்மைதானா?"

அந்த நேரத்தில் என் மனம் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல முடியாது. ஆமாம் என்றால் ஸுவைனாவின் சொல் செத்துவிடும். என் மகள் அவளுடைய அண்ணனைக் கட்டிக்கொள்வாள். தேதிகள் உண்மை, ஆனால் இது மட்டும் நிஜம் என்றால், அந்த ஏழும் ஏன் பொய் என்று கேள்வி வரும். ஏழு வீட்டின் ரகசியம் நடுத்தெருவுக்கு வரும், இன்னும் எத்தனை குழந்தைகளின் கை வீங்குமோ. பொய்யைப் பிடிப்பதே வாழ்க்கையாக இருந்தவள் நான். எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"இல்ல ஷேக்" என்றேன். "தப்பு என்னோடது. ஸுவைனாவுக்கு ரெண்டு ஹம்தான். செத்துப்போனவன் ஒருத்தன், இருக்குறவன் ஒருத்தன். நான் சின்னவன் தேதிய விட்டுட்டு, பெரியவன் தேதிய வச்சுக் கணக்குப் போட்டுட்டேன். அது பின்னாடியே எனக்குத் தெரியும். வீம்புக்குச் சொல்லாம விட்டேன். ஸுவைனா சொன்னதுல ஒண்ணும் பொய்யில்ல."

ஸுவைனா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முன்னால் நிற்கிறது. கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. வேறு யாரும் சரிபார்க்கப் போவதில்லை. காஜி தாடியைத் தடவிக்கொண்டு, ஒரு பெண்ணின் மானத்தோடு விளையாடியதற்கு என்னை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். தலை குனிந்து கேட்டேன். பிறகு ஸுவைனா சத்தியம் செய்தாள். இந்தக் கல்யாணம் கூடாது என்று காஜி எழுதினார். முஹன்னா சுவரைப் பார்த்தபடி நின்றான். நஸ்ரா என் கையை விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஞாயிறு காலை பரிசோதனைக்கூடத்தில் நான் தனியாக இருந்தபோது உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எடுங்க. என் கண் முன்னாடி எடுங்க."

"என்னத்துக்கு?"

"ஸுவைனா எப்ப பொய் சொல்லுவான்னு எனக்குத் தெரியும் உம்மா. இந்த ஊர்ல இருக்குற எல்லாப் பொண்ணுங்களுக்கும் தெரியும், உங்க அளவுக்கு மக்கு யாருமில்ல. எங்க ரத்தத்துல ஏதோ இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு மறைக்கிறீங்க. அந்தச் சான்றிதழ் நீங்க அடிச்சதுதானே? உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியும்னு எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சுச்சு."

யாரையும் நம்பாதே என்று அவளை வளர்த்தவள் நான்தான். டிஎன்ஏ சோதனையின் தாளைக் காட்டினேன், திரும்பியும் பார்க்கவில்லை. ரத்தம் எடுத்தேன். உடனே தெரியக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மருந்து நீரில் இரண்டு துளி ரத்தத்தை விட்டு, கறுப்புக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் குழாயை வைக்க வேண்டும். கோளாறு இருந்தால் நீர் கலங்கிக் கோடு மறைந்துவிடும். அவளே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆனது. கோடுகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன.

இந்த அறையில் கோடுகள் தெரிந்தால் தாய்மார்கள் என் கையை முத்தமிடுவார்கள். என் மகள் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கலங்கிவிடாதா என்று பார்த்தாள். தன் ரத்தம் கெட்டிருக்கக் கூடாதா என்று ஒரு பெண் ஏங்குவதை அன்றுதான் கண்டேன். அப்படியிருந்தால் ஸுவைனா சொன்னது பொய்யாகியிருக்கும், முஹன்னா யாரோ ஒருவனாகவே இருந்திருப்பான். ஏணியின் எல்லா எழுத்தையும் படிக்க இயந்திரம் இருக்கிறது. யார் யாருக்குப் பால் கொடுத்தார்கள் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது.

"அப்போ அவன் என் அண்ணன்" என்றாள் நஸ்ரா. என்னிடம் சொல்லவில்லை. குழாயை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் பின்னாலேயே போனேன். அழுதுகொண்டு வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் இடது பக்கம் திரும்பிச் சலவை அறைக்குப் போனாள். ஸுவைனா விரிப்புகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் பயந்து ஓர் அடி பின்னால் போனாள். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். நஸ்ரா அவள் முன்னால் போய் நின்றாள்.

"உம்மா" என்றாள்.

நான் "என்னடா" என்று வாய் திறந்தேன். அவள் கூப்பிட்டது என்னையல்ல.